உமாபதி வளைவு

நேரலைத் தரிசனம் வந்த பிறகு அந்தக் கோயிலில் ஈசுவரனைப் பார்த்தவர்களைவிட உமாபதி குருக்களின் மார்பைப் பார்த்தவர்கள்தான் அதிகம். அதற்கு ஈசுவரன் பொறுப்பல்ல. காமிராவைக் கருவறை வாசலுக்கு வலப்புறம், உபயதாரர் பெயர் நன்றாகத் தெரிகிற கோணத்தில் மாட்டியிருந்தார்கள். பெயர் நன்றாகத்தான் தெரிந்தது. கூடவே, குருக்கள் தீபாராதனைத் தட்டை உயர்த்தும்போதெல்லாம், ஓர் ஆண்பிள்ளைக்கு இருக்க வேண்டியதைவிடச் சற்றுத் தாராளமாக இருந்த அவரது மார்பும் தெரிந்தது.

பக்தர்கள் பண்புள்ளவர்கள். முதலில் "ஓம் நமசிவாய" என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதினார்கள். "குருக்களுக்குப் பிரசாதம் நன்றாகச் சேர்கிறது" என்று நியூஜெர்சியிலிருந்து ஒருவர். "இன்று அர்த்தநாரீசுவர தரிசனம் வாய்த்தது" என்று மயிலாப்பூரிலிருந்து இன்னொருவர். அதற்கு நூற்றுக்கணக்கில் கைகூப்பும் பொம்மைகள்.

உமாபதிக்கு இது புதிதில்லை. பள்ளிக்கூடத்திலேயே தோள்களை முன்னுக்குத் தள்ளி, முதுகைக் கூனி, மார்பை உள்ளே ஒளிக்கப் பழகியவர். ஆனால் மற்றவர்களுக்குச் சட்டை என்று ஒன்று இருக்கிறது. அவர் தொழிலில் அதைக் கழற்றிவிட்டுத்தான் வேலையே தொடங்கும். மேல்துண்டைக்கூட இடுப்பில் கட்டிக்கொண்டுதான் சுவாமி முன் நிற்க வேண்டும். ஒருநாள் அர்ச்சனையின் நடுவே சகஸ்ரநாமம் மறந்துபோயிற்று. காமிராவின் சிவப்புப் பொட்டு மட்டும் நினைவிருந்தது. அன்றுதான் ஆபரேஷன் செய்து மார்பைக் குறைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

பழைய மகாபலிபுரம் சாலையில் 'சமன்' ஆடவர் நலமையம் இருந்தது. ஆஸ்பத்திரி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஒரு செயற்கை அருவி, அருவிக்குப் பக்கத்தில் டாக்டர் ரிஷிகேஷ்.

"நாங்க ஆபரேஷன் பண்றதில்லை, மிஸ்டர் உமாபதி. உடம்போட ஒரு உரையாடல் நடத்தறோம்" என்றார் டாக்டர்.

"மயக்க மருந்து உண்டோல்லியோ?"

"உண்டு."

"அப்ப சரி. நீங்க பேசிக்கறது எனக்குக் கேக்காது."

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் பார்வை மேசைத் திரையைவிட்டு எழுந்ததாகவே தெரியவில்லை. "கத்தி வைக்கிறது பாதி வேலைதான். மீதி ஆறுறதுல இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்காது, ஒரே மாதிரி வடியாது. ஜனங்க அதைப் பார்த்துப் பயந்து சாவாங்க. இந்தப் பயத்தையே ஒழிச்சதுதான் எங்க சாதனை. இதுக்குப் பேரு கவசம்."

எடுத்துக் காட்டினார். கையில்லாத பனியன் மாதிரி, சாம்பல் நிறத்தில், ஜிப் வைத்த ஒரு உடுப்பு.

"இது உங்க நெஞ்சைப் பார்த்துக்கிட்டே இருக்கும். எந்தப் பக்கம் வீக்கமோ அந்தப் பக்கம் இறுக்கும். வடிஞ்ச பக்கம் தளர்த்தும். பார்க்கறதை எல்லாம் எங்களுக்கு அனுப்பும். நீங்க எங்களைப் பார்க்க வரவே வேண்டாம். வந்தாலும் நாங்க பார்க்கப்போறது இதைத்தான்."

"கழட்டலாமோ?"

"குளிக்க அரைமணி நேரம். அதுக்கு மேல அது நெஞ்சுல இல்லைன்னா ஒப்பந்தம் தானாவே ரத்து. அப்புறம் எங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை."

உமாபதி தலையாட்டினார். தலையாட்டும்போது மனிதர் எதையும் யோசிப்பதில்லை. அவர் யோசிக்காமல் விட்டது இதுதான்: தைத்த துணி எதையும் உடுத்திக்கொண்டு கருவறைக்குள் போக முடியாது. அவர் தாத்தா காலத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது. பேட்டரி வைத்துத் தைத்த துணியைப் பற்றி ஆகமம் தனியாக ஒன்றும் சொல்லவில்லையே தவிர, என்ன சொல்லியிருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

குணமாகும்வரை விடுப்பு எடுத்திருக்கலாம். எடுக்கவும் செய்தார். ஆனால் மாற்றுக்கு வந்த குருக்கள் ஒல்லி. அவர் நிற்கும்போது லிங்கம் முழுதாகத் தெரிவதாக நேரலையில் பாராட்டு குவிந்தது. தையல் பிரித்த கையோடு உமாபதி வேலைக்குத் திரும்பிவிட்டார்.

முதல் நாள் கவசத்தைக் கழற்றி, சூடாக இருந்த சாதக் குக்கரின் மேல் மாட்டிவிட்டுப் போனார். உடம்புச் சூடு இருந்தால் போதும் என்று நினைப்பு. கொஞ்ச நேரத்தில் கைபேசிக்குத் தகவல் வந்தது: 'உங்கள் இதயத்துடிப்பு பதிவாகவில்லை. பதற்றப்படாமல் மூச்சை நிதானமாக விடவும்.'

அவர் மனைவி ஞானா குக்கரைப் பார்த்தாள். அப்புறம் சோபாவைப் பார்த்தாள். சோபாவில் அவள் தம்பி தண்டபாணி கிடந்தான். அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. அதாவது, வீட்டில் இருப்பான்.

"ஏன்டா, உனக்கு இதயம் துடிக்கறதோல்லியோ?"

"துடிக்கறது. ஏன்?"

"அப்ப இதைப் போட்டுக்கோ."

தண்டபாணி மறுக்கவில்லை. மறுப்பதற்கு எழுந்து உட்கார வேண்டும். "அத்திம்பேர், சக்கரைப் பொங்கல் அன்னிக்கு மட்டும் எனக்குத் தனியா ஒரு தொன்னை" என்பதோடு பேரம் முடிந்தது. விடியற்காலையிலிருந்து உச்சிக்கால பூஜை வரை, மறுபடி சாயரட்சையிலிருந்து நடை சாத்தும்வரை, கவசம் தண்டபாணியின் மேல் இருந்தது. மீதி நேரம் உமாபதியின் மேல். நாளில் பெரும்பங்கு யாருடையது என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

தண்டபாணியின் மார்பு பலகை. அதன்மேல் கோலம் போடலாம்.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. காமிராவுக்கு முன் உமாபதி நிமிர்ந்து நின்றார். "குருக்கள் இளைத்துவிட்டாரே, உடம்புக்கு என்ன?" என்று நியூஜெர்சிக்காரர் கவலைப்பட்டார். உமாபதிக்கு அது வேதவாக்காகக் கேட்டது.

அப்புறம் இடது பக்கம் மாறத் தொடங்கியது.

அவர் அதை முதலில் பூணூலில்தான் கவனித்தார். நேராக இறங்க வேண்டிய பூணூல் இடது மார்பில் மேம்பாலம் மாதிரி ஏறி இறங்கிற்று. வலது பக்கம் தட்டையாக ஆறிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கெட்டியாக, பளபளப்பாக நின்றது. அன்றைக்குப் பிடித்தது சனி. அபிஷேகக் குடத்தில் முகம் பார்த்தார், குடத்தில் மார்பு தெரிந்தது. தாம்பாளத்தில் பார்த்தார். பேருந்துக் கண்ணாடியில் பார்த்தார். யாரும் இல்லாதபோது இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு பக்கமும் வைத்து எடை பார்ப்பதுபோலப் பார்த்தார். காலையில் சிறிதானது போல் இருக்கும், மாலையில் பெரிதானது போல் இருக்கும். ஒருவேளை எப்போதும் இப்படித்தான் இருந்ததோ என்றும் தோன்றும். மந்திரம் வாயில் ஓடும், மனம் இடது முலைக்காம்பின்மேல் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் குங்குமம் எடுக்கக் குனிந்தார். உள்ளே ஏதோ நகர்ந்தது. ஆட்டிப் பார்க்கும் இளநீரில் தண்ணீர் நகர்வதுபோல.

உடனே கவசத்தை மாட்டிக்கொண்டு சமனுக்கு ஓடினார்.

காத்திருப்புக் கூடத்தின் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை இருந்தது. அதில் இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, வழுக்குப்பாறை மாதிரி இறங்கின. கீழே எழுதியிருந்தது: 'உமாபதி வளைவு. ஆறுதலின் இலக்கணம்.'

உமாபதி அதை இரண்டு தடவை படித்தார். வேறு உமாபதியாக இருக்கும் என்று நினைத்தார்.

"இல்லை, நீங்கதான்" என்றார் டாக்டர் ரிஷிகேஷ், திரையைப் பார்த்தபடி. "எங்க சரித்திரத்துலயே ரெண்டு பக்கமும் இவ்வளவு அழகா வடிஞ்சது உங்களுக்குத்தான். உலக மாநாட்டுல காட்டினேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"டாக்டர், இடது பக்கம் வீங்கி இருக்கு. உள்ள ஜலம் ஆடறது."

"அப்படி உங்களுக்குத் தோணும்."

"வலிக்கறது."

"வலி என்பது அபிப்பிராயம், மிஸ்டர் உமாபதி. அளவு என்பது உண்மை."

"ஒருதரம் தொட்டுப் பாருங்கோளேன்."

டாக்டர் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது, நட்சத்திர ஓட்டலில் யாரோ வாழையிலை கேட்டதுபோல. "நாங்க தொடுறதைத் தாண்டி வந்துட்டோம்" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து சொன்னார்: "சில நேரம், முக்கியமா மத்தியானத்துலயும் ராத்திரியிலயும், உங்க இடது பக்கத்துல ஒரு துள்ளல் பதிவாகுது. ஆள் புரண்டு படுத்தா கருவியில அப்படி வரும். அதுக்குப் பேரு இரைச்சல். வழிச்சு எடுத்துட்டோம்."

மத்தியானமும் ராத்திரியும்தான் கவசம் உமாபதியின் மேல் இருந்தது. அவர்தான் இரைச்சல்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் ஒப்பந்தம் ரத்து, மச்சினன் கதையைக் கேட்டு ஊர் சிரிக்கும், உலக மாநாட்டில் கைதட்டியவர்கள் எல்லாம் திரும்ப உட்கார வேண்டும். உமாபதி எழுந்து வெளியே வந்தார்.

கூடத்தில் ஒருவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்த, உயரமான மனிதர், சட்டைக்குள் கவசம் துருத்தியது. உதடு வெளுத்திருந்தது.

"நீங்க அந்தக் கோயில் உமாபதி சாமிதான? குடுமியப் பாத்ததும் பிடிச்சிட்டேன். எங்க வீட்டுக்காரி போன்ல பாப்பா. நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கதான், ஆனா அவளுக்கு அந்த மணிச்சத்தம் பிடிக்கும்" என்றார். "நான் ஜெபசிங். தூத்துக்குடி. ஹார்பர்ல கிரேன் ஓட்டுதேன்."

"உங்களுக்கும்...?"

"ஆமா சாமி. வேலை முடிஞ்சி எல்லாரும் குழாயடியில ஒண்ணாக் குளிப்போம். பயலுவ கேலி தாங்கல, அதான் வந்தேன்." மூச்சு வாங்கினார். "முதல்ல நல்லாத்தான் இருந்துச்சி. இப்ப அந்தச் சுவத்துல இருக்க உங்க கோட்டை எனக்குப் போட்டுருக்காவ. உங்கள மாதிரி வடியணுமாம். நமக்கு வடிய மாட்டேங்கி. வடியலேன்னா இந்தச் சனியன் இறுக்குது. மூச்சு முட்டுதுன்னு சொன்னா, உமாபதிக்கு முட்டலியேங்காவ."

"கழட்டிடுங்கோளேன்" என்றார் உமாபதி.

"கழட்டுனா அத்து விட்டுருவாவளே. இவ்வளவு தூரம் வந்தாச்சி." ஜெபசிங் வியப்போடு குருக்களின் மார்பைப் பார்த்தார். "நீங்க என்ன சாமி சாப்பிடுதீய? பத்தியமா?"

"சக்கரைப் பொங்கல்" என்று சொல்லிவிட்டு உமாபதி கிட்டத்தட்ட ஓடினார்.

வீட்டில் ஞானா சட்டையைக் கழற்றச் சொல்லி இடது பக்கத்தில் புறங்கையை வைத்தாள். உடனே எடுத்தாள்.

"ஏன்னா, கொதிக்கறது."

"இந்தப் பக்கம் மட்டும் ஏன்டி இப்படி?"

ஞானா சோபாவைப் பார்த்தாள். தண்டபாணி இடது கையைத் தலைக்கு அண்டை கொடுத்து, இடது பக்கமாகவே சாய்ந்து, கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கிடக்கிறான். இடது விலா சோபாவில் நசுங்கிக் கவசத்துக்குள் பாதி காணாமல் போயிருந்தது.

"இவன் இடது பக்கத்தை நசுக்கிண்டே கெடக்கான். அந்தக் கவசம், சரி, இந்தப் பக்கம் வீக்கமே இல்லை, இறுக்க வேண்டாம்னு எடுத்துக்கறது. அப்புறம் உங்களுக்கு மாட்டினா அதே புத்தியோட இடது பக்கத்தை விட்டுடறது. விட்ட இடத்துல ஜலம் கோத்துண்டிருக்கு."

"நான் என்ன பண்ணினேன்?" என்றான் தண்டபாணி, திரும்பாமல்.

"நீ ஒண்ணும் பண்ணலைடா. அதுதான் பிரச்சினை."

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் கணினியில் உங்கள் கைபேசி எண்ணைத் தட்டுவார்கள், பிறகுதான் நீங்கள். எண்ணைத் தட்டியதும் திரை பச்சையாயிற்று: 'ஆறியவர். முன்மாதிரி.' அங்கிருந்த டாக்டர் எழுந்து நின்று கைகுலுக்கினார். இடது பக்கத்தைக் காட்டியபோது அவர் முகம் கனிந்தது. "ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு மனசுல வீக்கம் மிச்சம் இருக்கும் சார். நல்ல கவுன்சிலர் ஒருத்தங்க இருக்காங்க."

அன்று சாயரட்சையில் உமாபதிக்குக் குளிர்க் காய்ச்சல் தொட்டது. மறுநாள் காலை பூஜையைப் பாதியில் அந்த ஒல்லிக் குருக்களிடம் விட்டுவிட்டு, ஒரு பழைய டீசர்ட்டை மாட்டிக்கொண்டு, நேராகச் சமனுக்குப் போனார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானம். கவசம் வீட்டில் தண்டபாணியின் மேல் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

சமனில் யாருடைய முகத்தையும் பதிவு செய்வதில்லை. வாடிக்கையாளரின் கூச்சத்தை மதிக்கிறார்களாம். கவசம்தான் ஆளைச் சொல்லும். கவசம் இல்லாமல் வருகிறவர் புதியவர். வாசலில் நின்றிருந்த கண்ணாடித் தூண் இனிமையாகப் பேசியது.

"சமனுக்கு முதல் வருகையா? முதல் பரிசோதனை இலவசம். உங்கள் பெயர்?"

உமாபதி வாயைத் திறந்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் பெயர் ஆளுயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஒரு பத்துப் பேர் கவசமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெபசிங்கும் இருந்தார். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்ட அவருக்குத் தெம்பில்லை.

"தண்டபாணி" என்றார்.

தூணிலிருந்து ஒரு நீல வெளிச்சம் மார்பின்மேல் ஏறி இறங்கியது. இடது பக்கத்தில் நின்றது. இனிமை போய்விட்டது.

"திரு. தண்டபாணி, உங்கள் இடது மார்பில் நீர் கோத்திருக்கிறது. தொற்று தொடங்கியிருக்கிறது. காத்திருக்க வேண்டாம். மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார்."

உமாபதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் தலைகீழாக நின்று சொன்னது, பெயரை மாற்றியதும் ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அந்தக் கருவிக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. அவரைப் பற்றி ஏற்கெனவே ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்ததுதான் கோளாறு.

டாக்டர் ரிஷிகேஷ் கையுறை போட்டுக்கொண்டே வந்தார். புதியவர்களைத் தொடுவது உண்டு. தொட்டால்தான் வாடிக்கையாளராக ஆவார்கள். விரலால் இடது பக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"யார் பண்ணின ஆபரேஷன் இது, மிஸ்டர் தண்டபாணி?"

"வேற... வேற இடத்துல."

"கசாப்புக் கடையிலயா? தழும்பைப் பாருங்க, கோணி தைக்கிறவன் இதைவிட நல்லாத் தைப்பான். அதுக்கப்புறம் இறுக்கமா ஒண்ணும் போடச் சொல்லலியா? இப்படி விட்டா நீர் கோக்காம என்ன செய்யும்? மனுஷனா அவன்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன், டாக்டர்."

ஊசி இறங்கியது. வைக்கோல் நிறத்தில் நீர் வந்துகொண்டே இருந்தது. வரவர நெஞ்சுக்குள் யாரோ எழுந்து போய் இடம் விட்டதுபோல இருந்தது. டாக்டர் மருந்து எழுதினார், ஒரு தடித்த துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டினார். முதல்முறையாக அவர் தலையையும் ஏறிட்டுப் பார்த்தார்.

"எங்ககிட்ட ஒரு பேஷண்ட் இருக்கார். உங்களை மாதிரியே குடுமி. என்ன ஒழுக்கம், என்ன கட்டுப்பாடு! அவரைப் பார்த்துக் கத்துக்கணும் நீங்க."

"முயற்சி பண்றேன்" என்றார் உமாபதி.

நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். நீர் இறங்கிவிட்டது, மருந்து கையில் இருக்கிறது, யாருக்கும் எதுவும் தெரியாது. வெளிக்கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜெபசிங் நாற்காலியின் விளிம்பில் குனிந்து, இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூச்சு என்று அதைச் சொல்ல முடியாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாத மாதிரி ஒரு சத்தம்.

"சாமி" என்றார் அவர் நிமிர்ந்து. கண்ணில் அந்தப் பழைய வியப்பு அப்படியே இருந்தது. "ஒங்களுக்கு எப்படித்தான் வடிஞ்சிச்சோ."

உமாபதி இரண்டடி நடந்தார். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு வடியலை."

"என்ன?"

"அது என் நெஞ்சில்லை. கருவறைக்குள்ள இதைப் போட்டுண்டு போக முடியாது. அதனால என் மச்சினன் போட்டுண்டான். அவனுக்கு ஆபரேஷனே ஆகலை. அவன் பொறந்ததுலேர்ந்தே பலகை மாதிரிதான் இருக்கான்." சுவரைக் காட்டினார். "அந்தக் கோடு அவன் சோபாவுல படுத்துண்டு கிரிக்கெட் பார்த்த கோடு."

ஜெபசிங் திரும்பிச் சுவரிலிருந்த கோட்டை ஒருமுறை பார்த்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்: "அப்ப நான் ஒம்ம மச்சினன் நெஞ்சு மாதிரி ஆறணும்னுதானா இத்தன நாளும் மூச்சுமுட்டிக் கெடந்தேன்?"

"ஆமாம்."

"ஓய்!" கூடம் அதிர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபசிங் அடிக்கத்தான் எழுந்தார் என்று உமாபதி நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வதென்று பேசாமல் இருந்தார். ஆனால் எழுந்தவர் மூச்சுக்குத் திணறி அப்படியே உட்கார்ந்தார்.

"அதை முதல்ல கழட்டுங்கோ."

"கழட்டுனா ஒப்பந்தம்..."

"என்கிட்ட கொடுங்கோ, நான் போட்டுக்கறேன். அதுக்கு ஒரு நெஞ்சு வேணும், அவ்வளவுதானே. அது யார் நெஞ்சுன்னு இதுவரைக்கும் கேட்டதில்லை."

ஜெபசிங் கழற்றினார். உமாபதி துணிப்பட்டையின் மேலேயே அதை மாட்டி ஜிப்பை இழுத்தார். கவசம் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் இறுக்கத் தொடங்கியது. இறுக்கிக்கொண்டே போயிற்று. இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று பார்த்தார், நிற்கவில்லை. விலா எலும்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேட்டது. அவர் பெயர் எழுதிய கோட்டுக்குள் அவரையே மடித்து வைக்க அது பாடுபட்டது.

"இப்ப வாசலுக்குப் போங்கோ" என்றார் திணறியபடி. "புது ஆள் மாதிரி உள்ள வாங்கோ. உங்க பேரைச் சொன்னா உமாபதிக்கு ஆகலியேம்பான். வேற பேர் சொல்லுங்கோ, அப்பதான் உங்களைப் பார்ப்பான். உங்க மச்சான் பேரென்ன?"

"அல்போன்ஸ்."

"அதைச் சொல்லுங்கோ."

ஜெபசிங் தயங்கித் தயங்கி வெளியே போய்க் கண்ணாடித் தூணின் முன் நின்றார். நீல வெளிச்சம் ஏறி இறங்கியது. "திரு. அல்போன்ஸ், உங்கள் விலாப் பகுதி அபாயமான அளவு அழுத்தப்பட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் இரத்தம் கட்டியிருக்கிறது. யார் உங்களுக்கு இதைச் செய்தது? மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார்."

கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு வங்கிக்காரர் நாற்காலியை நகர்த்தி உமாபதியின் அருகே வந்தார். "சாமி, எனக்கு வலது பக்கம் ஒரு கட்டி மாதிரி. இது சாதாரண வீக்கந்தானா, இல்ல..."

"எனக்கு வைத்தியம் தெரியாது, ஸ்வாமி."

"தெரிய வேண்டாம். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. வீட்டுலகூட யார்கிட்டயும் காட்டலை."

உமாபதி ஞானா வைத்ததுபோலப் புறங்கையை வைத்தார். சூடில்லை. "இங்க சாதாரணமாத்தான் இருக்கு. ஆனா எதுக்கும் மச்சான் பேரைச் சொல்லிட்டு உள்ள போய்ட்டு வாங்கோ."

அதற்குப் பிறகு வரிசையே நின்றுவிட்டது. பெரிய பெரிய ஆண்கள், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டையைத் தூக்கினார்கள். ஆளில்லாத கவசங்களை அடுத்த ஆள் மாட்டிக்கொண்டார். ஒருவருக்கு மச்சானே இல்லை. சகலை பேரைச் சொல்லலாமா என்று கேட்டார். ஒலிபெருக்கி மச்சான்களாக அழைத்துக்கொண்டிருந்தது. ஷாகுல், பொன்னுச்சாமி, அல்போன்ஸ், கஜேந்திரன். பெயர் கேட்டதும் யாரென்று தெரியாமல் இரண்டிரண்டு பேராக எழுந்து, ஒருவர் உட்கார்ந்தார்.

டாக்டர் ரிஷிகேஷ் நடுவில் ஒருமுறை வெளியே எட்டிப் பார்த்தார். முகம் பூரித்திருந்தது. "ஒரே காலையில இத்தனை புதுப் பேஷண்ட்ஸ்! எல்லாம் வேற வேற இடத்துல கெடுத்துட்டு வந்த கேஸ். உமாபதி வளைவோட புகழ் இது" என்று வரவேற்புப் பெண்ணிடம் சொல்லிவிட்டு மறைந்தார்.

அது உமாபதிக்குச் சுருக்கென்றது. இந்தப் பத்துப் பேர் தப்பிவிடுவார்கள். நாளைக்கு வருகிறவனுக்கும் அந்தக் கோட்டைத்தான் போடுவார்கள். அவர் ஜெபசிங்கின் கவசத்தோடு இறுகிய நடையில் வரவேற்பு மேசைக்குப் போனார்.

"அம்மா, அந்தச் சுவர்ல இருக்கற படத்தை எடுக்கணும். அது தப்பு. நான்தான் உமாபதி."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "நீங்க தண்டபாணி சார்" என்றாள் பரிவாக. பிறகு அவர் மேலிருந்த கவசம் தன்னை அறிவித்துக்கொண்டதும் குழம்பினாள். "இல்ல, ஜெபசிங் சார்."

"நான் உமாபதி. அது என் மார்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சார், அதை உமாபதி சார்தான் வந்து சொல்லணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் இனிமே வரமாட்டார் சார். அவருக்கு ஆறிடுச்சு."

உமாபதி திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உச்சிக்காலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கோயிலில் காமிரா இந்நேரம் அந்த ஒல்லிக் குருக்களைக் காட்டிக்கொண்டிருக்கும், லிங்கம் முழுதாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

கதவு திறந்தது. அன்றுதான் கட்டுப் பிரித்த ஒருவர், புதுக் கவசத்தின் மடிப்புக்கூடக் கலையாமல், சுவரில் எரிந்த கோட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு கை அவரறியாமல் இடது பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

உமாபதி பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டிவிட்டார்.

"உட்காருங்கோ" என்றார். "உங்களுக்கு மச்சான் உண்டோ?"